பார்க்கும் உரிமையும் லயத்து வாசலும்: மலையக இலக்கியத்தில் உறவுரிமை பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தமிழிலக்கியம் பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளில் ‘பிரிவு’ என்ற சொல் ஏறத்தாழ ஒரே பொருளிலேயே வழங்கி வந்துள்ளது. அது கடல் கடந்த பிரிவு. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தபோது நேர்ந்த முதற்பிரிவும், 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் நேர்ந்த இரண்டாம் பிரிவுமே படைப்பாளிகளையும் விமர்சகர்களையும் ஒருங்கே ஈர்த்தன. இதிற் குறைகாண்பதற்கில்லை. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை இரு அரசுகள் எண்களாகக் கருதிப் பங்கிட முனைந்த காலத்தில், அதனை எழுதாத இலக்கியம் தன் மக்களுக்கு உரியதாக இருந்திராது. ஆயினும் இப்பெரும் பிரிவின் நிழலில் மற்றொரு பிரிவு கண்ணிற் படாது போயிற்று. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் வாழமாட்டாது பிரிய, குழந்தை ஒரு தோட்டத்திலும் அதனை வளர்த்த பாட்டி இன்னொரு தோட்டத்திலுமாக நின்றுவிடும் பிரிவையே குறிப்பிடுகின்றோம். அதற்குக் கப்பல் வேண்டியதில்லை. பொகவந்தலாவைக்கும் கொட்டகலைக்கும் இடைப்பட்ட தூரமே போதும்.

அவ்வாறு பிரிந்த பெற்றோரின் குழந்தையைக் காண அம்மாயிக்கு, அப்பாயிக்கு, தாத்தாவுக்கு, தாய்மாமனுக்கு, அத்தைக்கு உரிமை ஏதும் உண்டா? இதனைச் சட்டவியலார்க்குரிய வினா என்று ஒதுக்கிவிடுவது எளிது. இது ஓர் இலக்கிய வினாவுமாகும் என்பதே எமது கருத்து. ஒரு சமூகம் யாரை உரிமையாளராகவும் யாரைக் கடமையாளராகவும் கண்டு வந்துள்ளது என்பதனை அதன் சட்டம் மட்டுமன்றி அதன் பாட்டும் கதையும் காட்டுகின்றன.

முதலிற் சட்டத்தை நோக்குவோம். யாழ்ப்பாணத்துக்குரிய தேசவழமையோ கண்டியச் சட்டமோ மலையகத் தமிழரைக் கட்டுப்படுத்துவதில்லை. குழந்தையின் கட்டுக்காவல் பற்றிய விடயத்தில் உரோமன்-டச்சுச் சட்ட மரபிலமைந்த பொதுச் சட்டமே அவர்களுக்குரியது. அம்மரபில், திருமணம் நிலைத்திருக்கும்வரை தந்தையே பராயமடையாத பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர். திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளை தாய்க்குரியது. காலப்போக்கில் நீதிமன்றங்கள் குழந்தையின் நலனே மேலானது என்ற கோட்பாட்டினால் தந்தையின் முன்னுரிமையைக் குறுக்கி வந்துள்ளன. எனினும் வழக்கு எப்போதும் தாய், தந்தை என்னும் இருவருக்கிடையே நிகழ்வதாகவே கொள்ளப்படுகின்றது. பாட்டி அங்கே மூன்றாந்தரப்பு. இதிலுள்ள முரண் கூர்ந்து நோக்கத்தக்கது. இதே உரோமன்-டச்சு மரபு, பெற்றோரால் இயலாதபோது பேரப்பிள்ளைகளைத் தாங்கும் கடமையைப் பாட்டன் பாட்டியர்மேற் சுமத்துகின்றது. சோறு போடும் கடமை தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க, சோறு போட்ட பிள்ளையைப் பார்க்கும் உரிமை நீதிபதியின் விவேகத்துக்கு விடப்பட்டுள்ளது.

பிற நாடுகள் சிலவற்றில் நிலைமை வேறு. பிரான்ஸ் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தினால், தக்க பாரதூரமான காரணமின்றிப் பேரப்பிள்ளைக்கும் பாட்டன் பாட்டியர்க்குமுள்ள தொடர்பைப் பெற்றோர் தடுத்தலாகாது என விதித்தது. 2002இல் அதனைக் குழந்தையின் உரிமையாகவே திருத்தி எழுதிற்று. ஐக்கிய அமெரிக்காவின் உயர்நீதிமன்றமோ 2000ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநில வழக்கொன்றிற் பெற்றோரின் தீர்மானத்துக்கே பெருமதிப்பளித்துப் பாட்டன் பாட்டியரின் கோரிக்கையைப் பின்தள்ளிற்று. இலங்கை 1991இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 5ஆம் உறுப்புரை விரிந்த குடும்பத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி ‘எமக்கும் அத்தகைய சட்டம் வேண்டும்’ என முடித்துவிடலாம். அவ்வாறு முடிப்பது மலையகத்தின் பௌதிக நிலைமையை மறப்பதாகும். பிரான்சியச் சட்டமும் அமெரிக்கத் தீர்ப்பும் ஒன்றை முன்னூகிக்கின்றன: பாட்டிக்கு ஒரு வீடு உண்டு, மகனுக்கு ஒரு வீடு உண்டு, இரண்டுக்குமிடையே பொதுப்பாதை உண்டு. தோட்டத்தில் இம்மூன்றும் நெடுங்காலம் தொழிலாளருக்கு உரியனவாக இருந்ததில்லை.

இங்கேதான் குடும்பத்தின் வரலாறு உற்பத்தி உறவுகளின் வரலாறாகின்றது. கங்காணி ஆட்திரட்டியது தனியாட்களை மட்டுமன்று. உறவுக் கூட்டங்களையே திரட்டினான். தலைக்கு இவ்வளவென அவனுக்குக் காசு கிடைத்தது. கொழுந்து பறிக்கப் பெண்ணும், கவ்வாத்துக்கும் முள்ளுக்கும் ஆணும், புல்லுப் பறிக்கச் சிறுவரும் வேண்டியிருந்தமையால் குடும்பம் ஓர் உழைப்பு அலகாகப் பேணப்பட்டது. மூலதனம் எங்கும் குடும்பத்தைச் சிதைக்கின்றது என்று நாம் வாய்ப்பாடாகச் சொல்வதுண்டு. தோட்டத்தில் அது குடும்பத்தைக் கட்டியும் வைத்தது. ஆயின் கட்டி வைத்தது ஒரே பெரட்டுக்குள். 1921இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய துண்டு முறை, கடன் தீராத தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்வதைத் தடுத்தது. ஒரு தோட்டத்துக்குள் உறவு இறுக்கமாக இருந்தது. தோட்டத்துக்கு வெளியே அது துரையின் அனுமதிக்குட்பட்டிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, அது வேலைசெய்பவரின் பேரில். அதில் யார் தங்கலாம், எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் குடும்பத்தின் முடிவாக இருக்கவில்லை.

தோட்ட எல்லையைக் காத்தது குற்றவியற் சட்டத்தின் அத்துமீறற் பிரிவு. வேலைநீக்கப்பட்ட பின்னும் காம்பராவை விட்டகலாத தொழிலாளர் ஒருவரின் மேன்முறையீட்டில், தன் இருப்பிடத்தில் வாழ்வதே முதன்மை நோக்கமாயின் அது குற்றவியல் அத்துமீறலாகாது என 1950இல் இலண்டன் பிரிவி கவுன்சில் கருதிற்று. பெரும் வெற்றிதான், எனினும் அது குடியிருப்போரைக் காத்த தீர்ப்பு, வந்துபோவோரையன்று. பின்னர் 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்குத் தோட்டத்தினுட் செல்லும் உரிமையை வழங்கிற்று. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் தோட்டக் குடியிருப்பிலிருந்து நீதிமன்றக் கட்டளையின்றி வெளியேற்றுவதைத் தடுத்தது. இவ்விரு சட்டங்களும் நீண்ட போராட்டங்களின் பேறு என்பதை மறந்து எவரும் மலையக வரலாறு எழுதவியலாது. ஆனால் அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஓர் இடைவெளி புலனாகின்றது. தோட்டத்தினுள் நுழைவதற்குச் சட்டம் பெயர்குறித்து உரிமை வழங்கிய வெளியாள் தொழிற்சங்கப் பிரதிநிதி. பேரனைப் பார்க்க வந்த அம்மாயி எந்தச் சட்டத்தின் முகவுரையிலும் இடம்பெறவில்லை. நாமும் அதனைக் கோரவில்லை. தொழிலாளி என்ற முறையிலே அவள் எமது கண்ணுக்குத் தெரிந்தாள். ஓய்வுபெற்று, பேர் வெட்டப்பட்டு, காம்பராவும் மகன் பேரிலோ மருமகள் பேரிலோ மாறிய பின், எமது கோரிக்கைப் பட்டியலிலிருந்தும் அவள் மறைந்துபோனாள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களினால் தோட்டங்கள் அரசுக்குச் சென்றன. 1992இல் முகாமை தனியார் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. துரையின் பிரம்பு போய்விட்டது. வாயிற் கதவுகளும் பெரும்பாலும் தளர்ந்துவிட்டன. எனினும் கடிதம் நெடுங்காலமாகத் தோட்ட அலுவலகத்தின் தபாற்பை வழியாகவே லயத்துக்கு வந்தது. பல தோட்டங்களில் வீட்டுக்கெனத் தனி விலாசம் என்பது அண்மைக்காலம்வரை ஒரு கோரிக்கையாகவே இருந்தது. நீதிமன்ற அறிவித்தல் ஒன்று அந்தப் பையில் வந்து, எவர் கையிற் கிடைத்து, எத்தனையாம் நாள் உரியவரைச் சேரும் என்பதைச் சட்டநூல்கள் எழுதுவதில்லை.

ஹட்டன் நகரில் இறங்கும் ஒரு பாட்டியின் நிலையை இவ்விடத்திற் கருதிப் பார்க்கலாம். தாபரிப்புக் கோரிக்கையை 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றம் கேட்கும். கட்டுக்காவல், சந்திப்பு முதலியன மாவட்ட நீதிமன்றத்துக்குரியன. பிள்ளை சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றது என்று சொன்னால் ஆட்கொணர்வு எழுத்தாணை. அதற்குக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், அல்லது 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் மாகாண மேல்நீதிமன்றம். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுமொழி சிங்களம். மொழிபெயர்ப்பாளரைக் கோரும் உரிமை அரசியலமைப்பிலே உண்டு. இவையனைத்தையும் கடந்து சென்றாலும் அவள் வாய்திறந்து கேட்க வேண்டியது, ‘பிள்ளையைக் கொடுங்கள்’ என்பதன்று. ‘மாதம் ஒரு ஞாயிறு பார்க்க விடுங்கள்’ என்பது. நாட்கூலியை இழந்து, பல நாட்கள் அலைந்து, மாதம் ஒரு ஞாயிறு.

இனிப் பாட்டுக்கு வருவோம். தாலாட்டு வெறும் துயிற்பாட்டன்று. அது ஓர் உறவுச் சாசனம். குழந்தையை அடித்தவர் யார், அணைத்தவர் யார், யார் எதைக் கொண்டுவருவார் என்று உறவினரை ஒவ்வொருவராக அது அழைக்கின்றது. இங்கே ‘பார்த்தல்’ என்பது கையை வீசிக்கொண்டு வருதலன்று. மாமன் வளையலோடு வருவான், தொட்டிலோடு வருவான்; பொருளைக் கொணர்வதன் மூலமே அவனது பார்க்கும் உரிமை நிலைநாட்டப்படுகின்றது. முதல் முடியிறக்கமும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில் நிகழ வேண்டும் என்ற வழக்கம் இதே சாசனத்தின் சடங்கு வடிவம். ஒப்பாரியிலோ இச்சாசனம் கிழிக்கப்படுவதைக் காண்கின்றோம். தாயை இழந்த மகள் அழுவது தாய்க்காக மட்டுமன்று. தான் பிறந்த வீட்டு வாசல் இனித் தனக்குத் திறவாது என்பதற்காகவும் அவள் அழுகின்றாள். சி. வி. வேலுப்பிள்ளை 1983இல் நூலாகத் தந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ போன்ற தொகுப்புகளை நாம் இதுவரை உழைப்பின் துயரையும் கங்காணியின் கொடுமையையும் அறியும் சான்றுகளாகவே பயன்படுத்தியுள்ளோம். அவை உரிமை பற்றிய சான்றுகளுமாகும். எழுத்தறிவும் காணியும் வாக்கும் மறுக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் குழந்தைமீது தனக்குள்ள உறவுரிமையைப் பதிவுசெய்து வைத்த பதிவேடு பாட்டேயாகும்.

புனைகதை இப்பதிவேட்டைத் திறந்து பார்த்ததா? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935இலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக்கிற்று. கணவன் சிறைக்குச் செல்ல, மனைவி தோட்டத்துக்குக் கொண்டுசெல்லப்படுகின்றாள். தாம்பத்தியத்தின் சிதைவைத் தோட்ட முதலாளித்துவத்தோடு இணைத்துக் கண்ட முன்னோடிப் படைப்பு அது. பின்வந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, நந்தியின் ‘மலைக்கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’, வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதி ஆகியவை மலையக வாழ்வை அதன் உள்ளிருந்தும் அண்மையிலிருந்தும் காட்டின. இராமையா கொழுந்து பறிக்கும் கையின் கௌரவத்தை எழுதிய விதம் தமிழ்ச் சிறுகதைக்கே ஒரு பேறு. ஆயினும் இம்மரபை ஒருசேர நோக்கும்போது அதன் மையத்தில் நிற்கும் எதிர்ப்பு, தோட்ட நிருவாகத்துக்கும் தொழிலாளர் குடும்பத்துக்கும் இடைப்பட்டது. குடும்பம் தாக்கப்படும் ஒரு முழுமை. அதற்குள்ளே வழக்காடும் தரப்புகள் மங்கலாகவே தெரிகின்றன. முதிய பெண்ணுக்கு அங்கே இரண்டு தொழில்கள்தான்: பிள்ளையைப் பார்ப்பாள், இறந்தவரைப் பாடுவாள். பிள்ளைமடுவத்து ஆயாவாகவும் ஒப்பாரிக்காரியாகவும் அவளை நாம் நன்கறிவோம். ‘என் பேரனை எனக்குக் காட்டு’ என்று வழக்குரைப்பவளாக அவளை அறியோம்.

இதனைப் படைப்பாளிகளின் குறையாக மட்டும் கூறுவது நேர்மையாகாது. முற்போக்கு விமர்சனம் அவர்களிடம் வேண்டியதும் அதனையே. தொழிலாளி ஒற்றுமைப்பட்டுக் காட்சியளிக்க வேண்டும் என்ற அக்கால வேண்டுகை, லயத்துக்குள் நிகழும் பிணக்கை இரண்டாந்தரமாக்கிற்று. ஏங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலைக் கையிலெடுத்த நாம், சொத்தில்லாத பாட்டாளிக் குடும்பத்தில் ஆணாதிக்கத்துக்கு அடித்தளமில்லை என்ற அதன் கருத்தைத் தேவைக்கு மேல் நம்பினோம். லயத்திற் சொத்தில்லை என்பது உண்மை. ஆனால் பேர் உண்டு. செக்ரோலிற் பதிந்த பேர், காம்பராவுக்கு உரிய பேர், சம்பளத்தைப் போய் வாங்கும் கை. கணவனைப் பிரிந்து செல்லும் பெண் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றையேனும் விட்டுச் செல்கின்றாள். சில வேளைகளிற் பிள்ளையையும்.

மறுபுறத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் பாட்டியைப் புனிதமாக்கும் பழைய தவறுக்கே திரும்புவோம். உறவுரிமை எப்போதும் அன்பின் உரிமையன்று. தாய்மாமனின் உரிமை முறைப்பெண் மீதான உரிமையாகவும் நீள்கின்றது. சாதி மாறி மணந்த மகளின் பிள்ளையைப் பார்க்க மறுப்பதும், பார்க்கவென்று வந்து தூக்கிச் செல்வதும் அதே உறவின் பெயரால் நடைபெறுகின்றன. கணவனின் அடிக்குத் தப்பி, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கட்டளை பெற்று வாழும் பெண்ணுக்கு, மாமியாரின் ஞாயிற்றுக்கிழமை வருகை கணவனே நீட்டிய கையாகத் தோன்றக்கூடும். தோட்டங்களில் இன்றும் ஆடப்படும் பொன்னர்-சங்கர் கதையில், உறவின் வஞ்சத்துக்கு அஞ்சியே குழந்தைகள் மறைத்து வளர்க்கப்படுகின்றனர். உறவு காக்கும், உறவே கொல்லும் என்ற இரண்டையும் அக்கூத்தைப் பார்த்த மக்கள் அறிந்திருந்தனர். எமது நாவல்களைவிட இவ்விடயத்திற் கூத்து தெளிவானது என்றே தோன்றுகின்றது.

ஆகவே கேள்வி, பாட்டிக்கு உரிமை உண்டா இல்லையா என்பதாக மட்டும் நிற்க முடியாது. யாருடைய தேவைக்காக அவ்வுரிமை நினைவுகூரப்படுகின்றது, யாருடைய தேவைக்காக மறக்கப்படுகின்றது என்பதே ஆராய வேண்டியது. இதற்கு இரண்டு காலகட்டங்கள் சான்றாகின்றன.

ஒன்று, ஒப்பந்தக் காலம். 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பதாரியின் மனைவியும் பராயமடையாத பிள்ளைகளும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை நிரூபிக்கக் கோரிற்று. பாட்டியூருக்குச் சென்று நெடுநாள் தங்கிய பிள்ளை, தந்தையின் விண்ணப்பத்துக்கு எதிரான சான்றாக மாறிற்று. உறவைப் பேணியமையே அந்நியன் என்பதற்கு ஆதாரம். பின்னர் 1964 ஒப்பந்தத்தின்கீழ், முதியோர் ஒரு நாட்டுக்கும் மணமுடித்த மக்கள் இன்னொரு நாட்டுக்கும் உரியோரான குடும்பங்கள் தோட்டந்தோறும் உருவாயின. ஹட்டன் முதலிய நிலையங்களிலிருந்து தலைமன்னாரை நோக்கிய புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். பெயரிட்டவர் எவராயினும் இலக்கியக் கோட்பாடு அறிந்தவர்: பிறந்த வாசல் மூடப்படுவதைப் பாடும் வடிவம் ஒப்பாரியே என்பதை முன்னரே கண்டோம். 1984இல் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பற் சேவையும் நின்றபோது, சென்று பார்த்து வரும் எளியவரின் வழியும் அற்றது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் தேயிலைக்கே அனுப்பப்பட்ட முதியோர், இங்கு பிறந்த பேரப்பிள்ளைகளை நிழற்படத்தில் வளரக் கண்டனர்.

மற்றொன்று, எமது காலம். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டுப்பணிக்குச் செல்லத் தொடங்கிய பெண்களுள் மலையகத்தவரும் பெருகினர். தாய் கடல் கடக்க, தந்தை வேறு துணை தேடிக்கொள்ள அல்லது குடியில் மூழ்க, பிள்ளை பாட்டியிடம் வளர்வது லயங்களில் அன்றாடக் காட்சி. 2013இல் நடைமுறைக்கு வந்த ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாயார் செல்வதைத் தடுத்தது; மூத்த பிள்ளைகளுடையோர் தக்க மாற்றுப் பராமரிப்பாளரைக் காட்டும்படி கோரிற்று. 2022இல் தளர்த்தப்படும்வரை அவ்விதி பெண்ணின் வேலையுரிமையைக் குறுக்குகின்றது எனக் கண்டிக்கப்பட்டது, அக்கண்டனம் சரியானதே. எமக்கு இங்கு வேண்டியது அதன் மறுபக்கம். அந்நியச் செலாவணி ஈட்டத் தாயை அனுப்ப வேண்டியபோது அரசின் படிவத்திற் பாட்டிக்கு ஓர் இடம் கிடைத்தது. பெயர், வயது, உறவுமுறை, கையொப்பம் எல்லாம் பதியப்பட்டன. தாய் திரும்பி வந்து, கணவனோடு பிணங்கி, அவன் பிள்ளையை வேறு தோட்டத்துக்கு அழைத்துச் சென்ற நாளில் அக்கையொப்பத்துக்கு எந்த மதிப்பும் இருப்பதில்லை. ஐந்தாண்டோ எட்டாண்டோ பிள்ளையை வளர்த்தவள் மீண்டும் மூன்றாந்தரப்பு. கூலியற்ற உழைப்பை வாங்கிக்கொண்டு உழைப்பாளியை மறுக்கும் முறையை நாம் தொழிற்சாலையில் உடனே இனங்காண்கின்றோம். பிள்ளைமடுவத்து வாசலில் அது நிகழும்போது ‘குடும்ப விவகாரம்’ என்கின்றோம்.

புதிய படைப்பாளிகளுக்கு இங்கே கதைப்பொருள் குறைவில்லை. ஆனால் பாட்டியின் கண்ணீரை இன்னுமொரு முறை எழுதுவதால் ஆவது சிறிது. அவளது வாதத்தை எழுத வேண்டும். மருமகளின் எதிர்வாதத்தையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். இருவருக்குமிடையே பேசாது நிற்கும் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பது அப்போதுதான் கேட்கத் தொடங்கும். அவர்களைச் சமரசம் செய்ய வருவோரையும் கதை விட்டுவிடலாகாது. தோட்டத் தலைவர், கோயிற் குழுவினர், மாதர் சங்கத்தார் ஆகியோர் பிள்ளையை யாரிடம் விடுவதெனத் தீர்த்துவைக்கும் கூட்டங்கள் நீதிமன்றத்துக்கு வெகு முன்னரே நடைபெறுகின்றன. அக்கூட்டங்களில் யார் பேசுகின்றார், யார் திண்ணைக்குக் கீழே நிற்கின்றார் என்பதற்கு ஆவணமேதும் இல்லை. நாவல் அந்த ஆவணமாகலாம்.

ஆய்வாளர்க்கும் ஒரு வேலை எஞ்சியுள்ளது. பழைய நாட்டார் பாடற் தொகுப்புகள் பலவற்றில் தாலாட்டு என்ற தலைப்பின்கீழ் பாடல் உண்டு. பாடியவர் தாயா பாட்டியா அத்தையா என்ற குறிப்பு இல்லை. எல்லாவற்றையும் தாய் பாடியதாகவே கொண்டு நாம் விளக்கம் எழுதி வந்தோம். கொழுந்துக்குப் போன தாய் பகலெல்லாம் மலையில் நிற்க, ஏணையை ஆட்டியவர் யார் என்று கேட்டிருந்தால் பல பாடல்களின் உறவுப் பட்டியல் வேறு பொருள் தந்திருக்கும்: மாமனை அழைப்பவள் அவனது தங்கையா, அவனைப் பெற்றவளா? டிக்கோயா, மஸ்கெலியா, நோர்வூட் பகுதிகளில் இப்பாடல்களை நினைவில் வைத்திருக்கும் முதிய பெண்கள் இன்னும் இருக்கின்றனர். ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லும் எமது மாணவர்கள் பாடலை மட்டும் பதிந்து வராமல், அதனை எந்தக் காம்பராவிலிருந்து, யாருடைய பிள்ளைக்காகப் பாடினார்கள், அந்தப் பிள்ளை இப்போது எந்தத் தோட்டத்தில் இருக்கின்றது என்பதையும் கேட்டு எழுதி வருவார்களாக.